நீதிபதி ஹாரி பிளாக்மன்

அமெரிக்க ஐக்கிய நாட்டு உச்சநீதிமன்றத்தில் 1970 முதல் 1994 வரை நீதிபதியாய் வீற்றிருந்த ஹாரி ஆண்ட்ரூ பிளாக்மன் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம். இவர் படை நடத்தியவரல்லர், மேடையேறி முழங்கியவருமல்லர். கூச்சமும் அடக்கமும் மிக்கவர். எழுதியதையே மீண்டும் மீண்டும் திருத்தும் இயல்பினர். இத்தகைய ஒருவர் 1973-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள் வெளியிட்ட ஒரு தீர்ப்பினால், அந்நாட்டு மக்களுள் ஒரு சாரார் தம்மைப் போற்றவும், மற்றொரு சாரார் தூற்றவும் வாழ்ந்து மறைந்தார். கருக்கலைப்பு அறமா மறமா என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எம் நோக்கமன்று. அது எம் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டது. நெடுங்காலம் மருத்துவர் அறையிலும் குருமார் அறிவுரையிலும் ஒடுங்கிக் கிடந்த அவ்வினா, எவ்வாறு தேர்தல் மேடை ஏறி ஒரு பெருநாட்டை இரு கூறாக்கியது என்பதை இவர் வாழ்வின் வழியே காணலாம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

பிளாக்மன் 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்து நாஷ்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். வளர்ந்தது மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில். தந்தையார் மளிகைப் பண்டங்களும் இரும்புச் சாமான்களும் விற்று வந்தவர். செல்வம் படைத்த குடும்பமன்று. தொடக்கப் பள்ளியிலேயே இவருக்கு வாரன் பர்கர் என்னும் சிறுவன் உயிர்த்தோழனாய் வாய்த்தான். அத்தோழமை பின்னர் அடைந்த நிலையைக் கூற வேண்டியிருப்பதால், பர்கர் என்னும் பெயரைப் படிப்போர் நினைவிற் கொள்க.

உதவித்தொகை பெற்று ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்ற பிளாக்மன், பால் சுமந்து விற்றும், இளைய மாணவர்க்குப் பாடஞ் சொல்லியும் எஞ்சிய செலவை ஈடுசெய்தார். 1929-இல் கணிதத்தில் உயர்சிறப்புடன் தேறினார். மருத்துவம் பயில்வதா சட்டம் பயில்வதா என்று நெடுநாள் மயங்கி, இறுதியிற் சட்டத்தைக் கைக்கொண்டு 1932-இல் அதிலும் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் நண்பர் பர்கரின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராய் நின்றார். ஒரு நீதிபதியிடம் எழுத்தராகவும், மின்னியாப்பொலிஸ் நகரில் வழக்கறிஞராகவும் பல்லாண்டு உழைத்தார். மணந்து மூன்று பெண் மக்களுக்குத் தந்தையானார்.

கைவிட்ட மருத்துவம் இவரை விட்டு அகலவில்லை. 1950-ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவ நிலையம் இவரைத் தன் சட்ட ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் நடுவே இவர் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். தம் வாழ்நாளில் மிக இனிமையாய்க் கழிந்த காலம் அதுவே என்று முதுமையிலும் நினைவுகூர்ந்தார். நோயாளியின் படுக்கையருகே மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்யும் பாங்கு இவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. இப்பதிவையறியாது 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒருவர் படிப்பின் அதன் நடையே விளங்காது போம்.

1959-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இவரை மேல்முறையீட்டு நீதிபதியாக்கினார். பதினோராண்டு கழித்து உச்சநீதிமன்றத்தில் ஓர் இருக்கை ஓராண்டாக நிரம்பாது கிடந்தது. குடியரசுத் தலைவர் நிக்ஸன் முன்மொழிந்த ஹெயின்ஸ்வொர்த்து என்பாரைச் செனட் சபை தள்ளியது. அடுத்து முன்மொழிந்த கார்ஸ்வெல் என்பாரையும் தள்ளியது. மூன்றாமவராய் வந்தவர் பிளாக்மன். அதற்கு முன்னாண்டிற் தலைமை நீதிபதியாகியிருந்த பர்கரின் நட்பும் இதற்குத் துணையாயிற்று. 1970 மே 12-ஆம் நாள் செனட் சபையில் தொண்ணூற்று நால்வர் இவருக்கு வாக்களித்தனர், எதிர்த்தோர் ஒருவருமிலர். மூன்றாமவனாய் வந்தவன் என்று இவரே தம்மை எள்ளி நகையாடிக் கொள்வதுண்டு. கருக்கலைப்பைப் பற்றி இவர்தம் கருத்து யாதென்று அன்று எவரும் உசாவவில்லை. உசாவ வேண்டும் என்னும் எண்ணமே அக்காலத்து எழவில்லை எனலாம்.

அஃது ஏன் என்பதை அறிய அந்நாட்டுச் சட்டத்தின் முன்வரலாற்றைச் சிறிது காணல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயிற்றிற் குழந்தை அசைவதைத் தாய் உணருமுன் செய்யப்படும் கருக்கலைப்பை ஆங்கிலேயர் வழிவந்த பொதுச்சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. அதனைக் குற்றமாக்க முற்பட்டோருள் முன்னின்றவர் மருத்துவரே. 1857-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஹொரேஷியோ ஸ்டோரர் என்பார் தொடங்கிய முயற்சியால், அமெரிக்க மருத்துவர் சங்கம் மாநிலந்தோறும் கடுஞ்சட்டம் வேண்டிப் போராடியது. கருவும் உயிரே என்னும் கொள்கையும், முறையாகப் பயிலாத மருத்துவச்சியரை ஒதுக்க வேண்டும் என்னும் தொழில் நோக்கமும் அப்போராட்டத்தில் ஒருங்கே கலந்திருந்தன. டெக்சாஸ் மாநிலச் சட்டமோ அதற்கும் முந்தியது, 1854-இல் எழுந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் தாயின் உயிர் காத்தற்கன்றிப் பிறவாற்றாற் கருக்கலைத்தல் குற்றமாயிற்று. அதன்பின் அறுபது ஆண்டுகள் இச்சட்டங்களைப் பற்றி அரசியல்வாதிகள் வாய்திறந்திலர். செல்வர் வீட்டுப் பெண்டிர் அறிமுகமான மருத்துவரை நாடினர். வறியோர் மறைவிடங்களை நாடிப் பலர் மாண்டனர்.

1960-ஆம் ஆண்டையடுத்து இவ்வமைதி குலைந்தது. தாலிடோமைடு என்னும் மருந்தை உண்ட தாய்மார்க்கு உறுப்புக் குறைந்த குழவிகள் பிறந்தன. பின்னர்ப் பரவிய ஜெர்மன் தட்டம்மையும் அத்தகைய அச்சத்தையே விளைத்தது. முன்னர்க் கடுஞ்சட்டம் வேண்டிய அதே மருத்துவர் குழாத்தினுள்ளேயே இப்போது தளர்ச்சி வேண்டுங் குரல்கள் எழுந்தன. 1967-இல் கொலராடோ மாநிலம் முதன்முதல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. அதே ஆண்டிற் காலிபோர்னியா மாநிலமும் தளர்த்தியது. அச்சட்டத்திற் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன் என்பதனை இன்று கேட்போர் வியப்பர். 1970-இல் நியூயார்க் உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் பெரும்பாலும் தடையை நீக்கின.

திருச்சபைகளின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. கத்தோலிக்கத் திருச்சபை தொடக்க முதல் இத்தளர்ச்சியை உறுதியாய் எதிர்த்து வந்தது. சீர்திருத்தச் சபைகள் அங்ஙனம் இருந்தில. தென்பகுதிப் பாப்டிஸ்டுச் சபையார் 1971-இல் கூடி, தாயின் உடல்நலமும் மனநலமும் கெடக்கூடுமாயினும், வல்லுறவாற் கருவுற்றாலும், கருவிற் பெருங்குறை காணப்பட்டாலும் கருக்கலைப்புக்கு இடந்தரும் சட்டம் வேண்டும் என்று தீர்மானித்தனர். பிளாக்மன் சார்ந்திருந்த மெதடிஸ்டுச் சபையும் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ அவ்வழியே சென்றது. எல்லாத் திருச்சபைகளும் எக்காலத்தும் ஒரே பக்கம் நின்றன என்று எண்ணியிருப்போர் நம்மிற் பலர். வரலாறு அவ்வளவு எளிதாக அமைந்திலது.

இந்நிலையிலே டெக்சாஸ் மாநிலத்துப் பெண்ணொருத்தி ஜேன் ரோ என்னும் புனைபெயரில் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1971 டிசம்பரில், இருபத்தாறே வயதான சாரா வெடிங்டன் என்னும் பெண் வழக்கறிஞர் அவள் பொருட்டு வாதிட்டார். தீர்ப்பெழுதும் பணியைத் தலைமை நீதிபதி பர்கர் தம் இளமைத் தோழரிடம் ஒப்படைத்தார். மேயோ நிலையத்தின் பழக்கமே அதற்குக் காரணம் என்பர். பிளாக்மன் முதலில் எழுதியது சிறியதோர் உரை. டெக்சாஸ் சட்டத்தின் சொற்கள் தெளிவற்றன என்று கூறி ஒதுங்கிக் கொள்வது. அது தோழர்க்கு நிறைவளிக்கவில்லை. புதிதாய் வந்த நீதிபதிகள் இருவரும் கேட்கும் வண்ணம் வழக்கை மீண்டும் வாதிக்கச் செய்ய வேண்டும் என்றார் பிளாக்மன். நீதிபதி டக்ளஸ் இதனைச் சூழ்ச்சியென்று கருதிச் சினந்தார். எனினும் மறுவாதம் முடிவாயிற்று.

இடைப்பட்ட 1972-ஆம் ஆண்டுக் கோடையில் இவர் எங்குச் சென்றார் என்பது இவர் இயல்பை நன்கு புலப்படுத்தும். வழக்கு மன்றங்களைத் துருவவில்லை. கட்சித் தலைவரை நாடவில்லை. மேயோ நிலையத்து நூலகத்தின் ஒரு மூலையிலே அமர்ந்துவிட்டார். கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டிஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழி எக்காலத்தது, கருக்கலைப்பைக் குறித்துப் பண்டையோர் யாது கருதினர், மருத்துவர் சங்கத்தின் நிலை எவ்வாறு மாறியது என்பவற்றையெல்லாம் குறிப்பெடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த காலப் நிறுவனத்துக் கருத்துக் கணிப்பொன்றும் இவர் கோப்பில் இருந்தது. கருக்கலைப்பைப் பற்றிய முடிவு பெண்ணுக்கும் மருத்துவருக்குமே உரியது என்று நூற்றுக்கு 64 பேர் அதிற் கூறியிருந்தனர். குடியரசுக் கட்சியினருள் அங்ஙனங் கூறினோர் 68. ஜனநாயகக் கட்சியினருள் 59. பிற்காலத்திற் இவ்வெண்கள் தலைகீழாயின என்பதை யாவரும் அறிவர். ஆயினும் பூசலின் விதை அவ்வாண்டிலேயே ஊன்றப்பட்டிருந்தது. நியூயார்க் மாநிலச் சட்டத்தை நீக்க முயன்ற கத்தோலிக்கப் பேராயருக்கு நிக்ஸன் 1972 மே மாதத்தில் ஆதரவுக் கடிதம் எழுதினார். வழிவழியாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்து வந்த கத்தோலிக்கரைத் தம் பக்கம் ஈர்க்க அவர் எண்ணியிருந்தார். ஆதலின் தீர்ப்பு ஒன்றே பிளவை உண்டாக்கிற்று என்பார் கூற்று முழுதும் பொருந்தாது.

1973 ஜனவரி 22-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. எழுவர் உடன்பட்டனர், இருவர் மறுத்தனர். முதல் மும்மாதத்தில் முடிவு பெண்ணையும் அவள் மருத்துவரையும் சார்ந்தது. அதன்பின் தாயின் உடல்நலங் கருதி மாநிலம் ஒழுங்குவிதிகள் செய்யலாம். தாயின் வயிற்றுக்கு வெளியே கரு உயிர்வாழ வல்ல நிலையை எய்தியபின், தாயின் உயிரும் நலமும் காத்தற்கன்றி மற்றையவற்றைத் தடுக்கலாம் என்பது அதன் சாரம். உடன்பட்ட எழுவருள் ஐவர் குடியரசுக் கட்சித் தலைவர்களால் அமர்த்தப்பட்டவர்; பர்கரும் அவருள் ஒருவர். மறுத்த இருவருள் ஒருவராகிய ஒயிட்டு, ஜனநாயகக் கட்சித் தலைவர் கென்னடியால் அமர்த்தப்பட்டவர். மற்றவர் ரென்குவிஸ்டு. கட்சி என்னும் அளவுகோல் அன்று இவ்வழக்கிற்குச் சற்றும் பொருந்தவில்லை என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

தீர்ப்பைப் படிப்போர்க்குப் புலனாவது ஒன்றுண்டு. அது பெண்ணுரிமை முழக்கமாய் ஒலிக்கவில்லை. பெண்ணைக் காட்டிலும் மருத்துவரே அதில் மிகுதியாய்த் தோன்றுகின்றார். மருத்துவர் தம் அறிவுக்கேற்ப நோயாளிக்கு உதவுவதில் அரசு குறுக்கிடலாகாது என்பதே எழுதியவரின் உள்ளக் கிடக்கை. மேயோவில் ஒன்பதாண்டு பழகியவர் வேறெவ்வாறு எழுதுவார்? மருத்துவ நூலை நன்கு கற்றவர் நாட்டு மக்களின் மனத்தை அவ்வளவு கற்றிலர் என்பதே எம் கருத்து. கருவை முழுமனிதனாகக் கருதும் ஒருவனுக்கு மும்மாதக் கணக்கு நடுவுநிலையாகத் தோன்றாது என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை போலும்.

அன்று மாலையே முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் காலமானார். மறுநாட் செய்தித்தாள்களில் அவர் மறைவே பெரிதாய் நின்றது. ஆயினும் சில நாட்களில் ஐயோவா மாநிலத்துச் செடார் ராப்பிட்ஸ் நகரில் உரையாற்றச் சென்ற பிளாக்மனை எதிர்ப்பாளர் கூட்டம் வாயிலில் வரவேற்றது. மடல்கள் மூட்டை மூட்டையாய் வரத் தொடங்கின. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை பல்லாயிரமாயின. ஏரோது என்றும், குழந்தைக் கொலைஞன் என்றும் வைதவை பல. இவர் அவற்றை எறிந்துவிடாது தாமே பிரித்துப் படித்தார். ஏன் படிக்கின்றீர் என்று நண்பர் கேட்டபோது, மக்கள் என்ன எண்ணுகின்றனர் என்று அறிய வேண்டாமா என்பது போன்ற விடையே தந்தார். இப்பண்பை யாம் வியக்கின்றோம். தம்மை வைவோர் சொல்லை இருபது ஆண்டுகள் பொறுமையாய்ப் படிக்கும் மனம் எளிதிலே வாய்ப்பதன்று.

எனினும் அரசியற் பிளவு ஒரே நாளிற் தோன்றவில்லை. 1974 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 22-ஆம் நாள் வாஷிங்டனில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்து வந்ததாயினும், 1975 இறுதியிற் ஸ்டீவன்ஸ் என்பாரை உச்சநீதிமன்றத்திற்கு அமர்த்தியபோது செனட் சபையில் ஒருவரேனும் இத்தீர்ப்பைப் பற்றி அவரை வினவவில்லை. 1976-இலேதான் குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கை, தீர்ப்பை மாற்ற அரசியலமைப்புத் திருத்தம் தேடுவோரை ஆதரித்தது; ஜனநாயகக் கட்சியின் அறிக்கை அத்திருத்தம் வேண்டாவென்றது. அவ்வாண்டிலேயே வறியோர் மருத்துவத்திற்கான கூட்டரசின் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடலாகாது என்று ஹைடு என்பார் கொணர்ந்த விதி நிறைவேறியது. பின்னர்ச் சீர்திருத்தச் சபையாருள் பழமை பேணுவோர் பெருந்திரளாய் அரசியலிற் புகுந்தனர். 1971-இல் தளர்ச்சி வேண்டிய அதே தென்பகுதிப் பாப்டிஸ்டுச் சபை, 1980-இல் தாயின் உயிர் காத்தற்கன்றிப் பிறவற்றைத் தடுக்குந் திருத்தம் வேண்டுமென்றது. காலிபோர்னியாவில் அன்று கையெழுத்திட்ட ரீகன், இப்போது எதிர்ப்பாளரின் தலைவராய் வெள்ளை மாளிகை புகுந்தார். அப்போதும் இரு கட்சியினரும் முற்றிலும் பிரிந்துவிடவில்லை. 1983-இல் செனட் சபையில் வந்த திருத்தத்திற்கு ஆதரவாக 49 வாக்கும் எதிராக 50 வாக்கும் விழுந்தன. இரு கட்சியாரும் இரு பக்கத்தும் நின்றனர்.

இப்பூசலிடையே பிளாக்மனும் மாறினார். தொடக்கத்திற் பெரும்பான்மை வழக்குகளிற் பர்கருடன் ஒட்டி வாக்களித்ததால் மின்னசோட்டா இரட்டையர் என்று இருவரையும் கேலி செய்தோர் உண்டு. அவ்வொற்றுமை மெல்ல மெல்ல அற்றது. 1977-இல் வறிய பெண்டிர்க்கு அரசு பணம் தர வேண்டுவதில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தபோது, வறியோர் வாழும் வேறோர் உலகம் உடனிருந்தோர் கண்ணிற் படவில்லையே என்று மறுப்புரையில் வருந்தினார். மருத்துவரை முன்னிறுத்தி எழுதிய கை, பின்னர்ப் பெண்ணின் தன்னுரிமையையும் நிகர்நிலையையும் முன்னிறுத்தி எழுதியது. எதிர்ப்பே இவரைத் தம் தீர்ப்பின் பொருளை மேலும் ஆழ்ந்து எண்ணச் செய்தது என்று யாம் கருதுகின்றோம். 1986-இல் மீண்டும் ஒரு கருக்கலைப்பு வழக்கில் ஐவர் நால்வராய் நீதிமன்றம் பிரிந்தது. பெரும்பான்மைக்காகப் பிளாக்மன் எழுதினார்; முன்பு உடன்பட்ட பர்கரோ பழைய தீர்ப்பையே மீளாய்வு செய்ய வேண்டும் என்று மறுப்பெழுதினார். மாப்பிள்ளைத் தோழராய் நின்ற நட்பு அதற்கு முன்னரே வறண்டிருந்தது. அவ்வாண்டே பர்கர் பதவி துறந்தார்.

1985-இல் ஓரிரவு இவர் வாழ்ந்த அடுக்கு வீட்டின் பலகணியைத் துளைத்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டொன்று உள்ளே பாய்ந்தது. எவர்க்கும் ஊறில்லை. தொலைவிலிருந்து குறியின்றி வந்த குண்டாயிருக்கலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். கொலைமிரட்டல் மடல்களைப் படித்துப் பழகிய இல்லத்தார் அவ்வாறு எண்ணி அமைதல் எளிதோ? இதன்பின் காவலர் துணையின்றி இவர் வெளிச்செல்வது அரிதாயிற்று. அதற்குமுன் சிறியதொரு ஃபோக்ஸ்வாகன் காரைத் தாமே ஓட்டி நீதிமன்றம் செல்வதும், காலை எட்டு மணிக்கு இளம் உதவியாளருடன் பொதுச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து உண்பதும் இவர் வழக்கம். பேஸ்பால் ஆட்டத்தில் இவருக்கிருந்த பித்தினால், 1972-இல் அவ்வாட்டம் பற்றிய ஒரு தீர்ப்பிற் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பெயர்களை வரிசையாய் அடுக்கி உடனிருந்தோரை நகைக்க வைத்ததும் உண்டு.

1987-இல் போர்க் என்பாரைச் செனட் சபை 42-க்கு 58 வாக்காற் தள்ளியபோது, கருக்கலைப்புத் தீர்ப்பைப் பற்றிய அவர் கருத்தும் அதற்கொரு காரணமாயிற்று. அதுமுதல் ஒவ்வொரு நீதிபதி அமர்வும் இவ்வொரு வினாவைச் சூழ்ந்த போர்க்களமாயிற்று. 1989-இல் தீர்ப்பு மயிரிழையிற் பிழைத்தது. பிளாக்மன் துயரமும் அச்சமும் தோய்ந்த மறுப்புரை எழுதினார். 1992-இல் பென்சில்வேனியா வழக்கில் தம் தீர்ப்பு வீழ்ந்தே விடும் என்று அவர் எதிர்பார்த்திருக்க, குடியரசுக் கட்சித் தலைவர்களால் அமர்த்தப்பட்ட ஓ'கானர், கென்னடி, சூட்டர் என்னும் மூவர் ஒன்றுகூடி அதன் உட்கருவைக் காத்தனர். மும்மாதக் கணக்கை மட்டும் கைவிட்டனர். அவ்வழக்கிற் தனித்தெழுதிய உரையிற் பிளாக்மன், தமக்கு 83 வயதாயிற்றென்றும், என்றும் இவ்விருக்கையில் இருக்க இயலாதென்றும், தமக்குப்பின் வருவோரைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்வினாவே மையமாகக்கூடும் என்றும் வெளிப்படையாய்க் குறித்தார். 1970-இல் எவரும் வினவாத ஒன்றை இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நீதிபதியே தீர்ப்புரையில் எழுத நேர்ந்தது.

1994-இல் மரண தண்டனைக்கு இனித் தாம் உடன்படுவதில்லை என்று அறிவித்து, அவ்வாண்டே ஓய்வு பெற்றார். மூன்றாண்டு கழித்து அமிஸ்டாடு என்னும் திரைப்படத்திற் பழங்காலத்து நீதிபதி ஸ்டோரியாக நடித்தமை இவர் வாழ்வின் ஒரு சுவையான செய்தி. 1999 மார்ச் 4-ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் மறைந்து, ஆர்லிங்டன் இடுகாட்டில் அடக்கம் பெற்றார். நான்காண்டு முன்னரே மறைந்த பர்கரும் அவ்விடுகாட்டிலேயே துயில்கின்றார்.

இவர் விட்டுச்சென்ற ஏடுகளும் குறிப்புகளும் மடல்களும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெட்டிகளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற் சேர்ந்தன. 2004-இல் அவை ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டன. 2020-இல் பாரெட் அம்மையார் உச்சநீதிமன்றம் புகுந்தபோது செனட் வாக்கு 52-க்கு 48; ஜனநாயகக் கட்சியார் ஒருவரும் ஆதரித்திலர். 2022 ஜூன் 24-ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்து வழக்கொன்றில், பிளாக்மன் எழுதிய தீர்ப்பை நீதிமன்றம் நீக்கியது. அதனை நீக்க உடன்பட்ட ஐவரும் குடியரசுக் கட்சித் தலைவர்களால் அமர்த்தப்பட்டவர். அவ்வழக்கில் மறுத்தெழுதிய மூவரும் ஜனநாயகக் கட்சித் தலைவர்களால் அமர்த்தப்பட்டவர். அவருள் ஒருவராகிய பிரையர், பிளாக்மன் 1994-இல் விட்டுச்சென்ற இருக்கையில் அமர்ந்தவர். சில நாட்களில் அவரும் ஓய்வு பெற்றார். வினா மீண்டும் மாநிலங்களைச் சென்றடைந்தது. ஆகஸ்டுத் திங்களிற் கான்சாஸ் மாநிலத்தார் அதன்மேல் முதன்முதல் வாக்களித்தனர்.